விடாமுயற்சிக் கதைகளில் விட்டுப்போகும் நடுப்பகுதி
(வாசகர் கேள்வி – பதில்)

குழந்தைகளுக்குச் சொல்லும் விடாமுயற்சி, தன்னம்பிக்கைக் கதைகள் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். ஒரு கணக்குத் தப்பாகிவிட்டால் போதும், 'எனக்கு வராது' என்று நோட்டை மூடிவிடுகிறான். ஆமையும் முயலும், காக்கையும் பானையும் என்று இரவுதோறும் கதை சொல்கிறேன். ஆசையாகக் கேட்கிறான், ஆனால் மறுநாள் மறுபடியும் 'எனக்கு வராது' என்கிறான். வேறு என்ன கதை சொல்லலாம்?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: வேறு கதை தேடுவதற்கு முன்னால், இப்போது சொல்லும் கதைகளையே உங்கள் மகனின் இடத்தில் இருந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அம்மா. ஆமை ஏன் வென்றது? முயல் தூங்கியதால் வென்றது. முயல் தூங்காமல் ஓடியிருந்தால் ஆமை தோற்றிருக்கும் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அது மட்டுமல்ல, அந்தக் கதையில் ஆமை எங்கேயும் இடறி விழுவதில்லை, வழி தவறுவதில்லை, 'இனி என்னால் ஆகாது' என்று பாதி வழியில் உட்கார்ந்து அழுவதுமில்லை. தப்பான கணக்கைப் பார்த்து நோட்டை மூடிவைக்கும் பிள்ளை, ஒரு தப்பும் செய்யாத அந்த ஆமையிடம் தன்னை எப்படிக் காண்பான்?

காக்கைக் கதை இதைவிட நல்ல கதை. அதில் யோசனை இருக்கிறது. ஆனால் காக்கை பானையைப் பார்த்தது, கல்லைப் போட்டது, நீர் மேலே வந்தது, குடித்துவிட்டுப் பறந்தது என்று நாம் அதை அவசரமாக முடித்துவிடுகிறோம். தாகமும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய திண்டாட்டம் இல்லை. இன்றிரவு அந்தத் திண்டாட்டத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். காக்கை முதலில் அலகை நீட்டிப் பார்க்கட்டும், எட்டாது. பானையைச் சாய்க்கப் பார்க்கட்டும், அசையாது. சருகையும் சுள்ளியையும் கொண்டுவந்து போடட்டும், அவை மிதந்துகொண்டு நிற்கும். அந்த இடத்தில் கதையை நிறுத்தி, 'இப்போது காக்கை என்ன செய்யலாம்?' என்று அவனிடமே கேளுங்கள். இது வெறும் கற்பனையும் அன்று. 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், காக்கை இனத்தைச் சேர்ந்த பறவைகளின் முன்னால் நீர் இருந்த கண்ணாடிக் குழாயை வைத்து, அதில் எட்டாத ஆழத்தில் ஒரு புழுவை மிதக்கவிட்டுச் சோதித்தார்கள். அவை உண்மையாகவே கற்களைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்திப் புழுவை எடுத்தன. சிறிய கல்லைவிடப் பெரிய கல்லே பயன்படும் என்பதையும் கண்டுகொண்டன. இதையும் அவனுக்குச் சொல்லுங்கள். மகிழ்ந்துபோவான்.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எப்படி உண்டாகிறது என்பதை ஆராய்ந்த ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர், 1977இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு நான்கு வழிகளைச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், பிறர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, ஊக்கமூட்டும் பேச்சு, அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை ஆகியவையே அவை. இவற்றில் முதலாவதுதான் வலிமையானது. நாம் சொல்லும் கதை இரண்டாவதோடு நின்றுவிடுகிறது. ஆகவே கதை முடிந்த மறுநாள், அவனால் நிச்சயம் போட முடிகிற இரண்டு கணக்குகளை முதலில் கொடுத்துவிட்டு, மூன்றாவதாகச் சற்றே இடறும் கணக்கு ஒன்றைக் கொடுங்கள். அதில் அவன் தடுமாறும்போது, 'காக்கை சருகு போட்ட இடத்துக்கு வந்திருக்கிறோம், அடுத்து என்ன போடலாம்?' என்று கேளுங்கள். கதை அப்போதுதான் அவனுக்குப் பயன்படத் தொடங்கும்.

கேள்வி: தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கதை முடிந்ததும், 'நீங்கள் எல்லோரும் பிறவியிலேயே கெட்டிக்காரர்கள், உங்களால் முடியாதது எதுவுமில்லை' என்று பிள்ளைகளிடம் சொல்வது வழக்கம். தன்னம்பிக்கை வளர இது போதுமா?
– ஓர் ஆசிரியை, சோழவந்தான்

பதில்: உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் இந்தப் பாராட்டு நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறான பலனைத் தரக்கூடும். அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, ஒரு பிரிவினரை 'நீ புத்திசாலி' என்றும் இன்னொரு பிரிவினரை 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்கள் வந்து எல்லோரும் தடுமாறியபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களே சீக்கிரம் மனம் தளர்ந்தார்கள், புதிர்களில் அவர்களுக்கு இருந்த ஆர்வமும் குறைந்தது. காரணம் விளங்கிக்கொள்ள முடியாததன்று. கெட்டிக்காரன் என்ற பட்டத்தை வாங்கிய பிள்ளைக்குத் தவறு செய்தால் அந்தப் பட்டம் பறிபோகும். எனவே தவறு வரக்கூடிய வேலையையே அது ஒதுக்கிவிடுகிறது.

'நன்றாக முயன்றாய்' என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுவதும் போதாது. எதை மாற்றிச் செய்தது என்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். 'நேற்று ஒற்றெழுத்தை விட்டுவிட்டாய், இன்று ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து எழுதியிருக்கிறாய்' என்ற ஒரு வாக்கியம், பத்துக் கைதட்டல்களைவிட அந்தப் பிள்ளையிடம் அதிக நாள் நிற்கும்.

கேள்வி: பேரன் பேத்திகளுக்கு வெளிநாட்டு அரசரும் சிலந்தியும் போன்ற கதைகளே புத்தகங்களில் கிடைக்கின்றன. நம் மதுரைச் சீமையிலேயே விடாமுயற்சிக்குக் கதை இல்லையா?
– ஒரு தாத்தா, மேலூர்

பதில்: இருக்கின்றன ஐயா, அதுவும் உங்கள் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம். மின்கம்பியிலும் மேயும் மாட்டின் முதுகிலும் உட்கார்ந்திருக்கும் கரிக்குருவியை, அதாவது இரட்டைவால் பிரிந்த கரிச்சானை, முதலில் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சிவபெருமானின் திருவிளையாடல்களில் ஒன்று, கரிக்குருவிக்கு அவர் உபதேசம் செய்தது. காக்கை முதலான பறவைகளால் கொத்துண்டு, வாழ இடமில்லாமல் காட்டு மரம் ஒன்றில் ஒளிந்திருந்த அந்தச் சிறு பறவை, மரத்தடியில் தங்கிய சிவனடியார் மதுரையின் பெருமையைச் சொல்லக் கேட்டு, இங்கே பறந்து வந்து, பொற்றாமரைக் குளத்தில் நீராடிச் சொக்கநாதரை வழிபட்டது. இறைவன் அதற்கு மந்திரம் உபதேசித்து, எளியதாக இருந்த பறவையை வலியான் என்ற பெயரோடு வாழ வைத்தார். தனக்கு மட்டும் கேட்காமல் தன் இனத்துக்கே அந்த வலிமையை அது கேட்டு வாங்கியது என்பது இந்தக் கதையின் அழகு. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவின் முதல் நாள் லீலையாக இதைத்தான் நடத்துகிறார்கள்.

இந்தக் கதையை நான் மிகவும் விரும்புவதற்குக் காரணம், பிள்ளைகள் அதை வயற்காட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். கரிச்சான் தன் கூட்டுப் பக்கம் வரும் காக்கையையும் பருந்தையும் துரத்தித் துரத்தி விரட்டும். அந்தத் துணிச்சலை நம்பிப் புறா, கொண்டைக்குருவி போன்ற பறவைகள் அதன் கூட்டுக்கு அருகிலேயே கூடு கட்டுவதும் உண்டு. கதை சொல்லும்போது பறவை காட்டிலிருந்து மதுரைக்கு வந்த வழியை மட்டும் அவசரப்படாமல் சொல்லுங்கள். அழகர்மலையில் எந்த மரத்தில் இளைப்பாறியது, யானைமலைக்கு மேலே காற்று எதிர்த்தபோது என்ன செய்தது, திரும்பிப் போய்விடலாம் என்று அதற்கு எங்கே தோன்றியது என்பதையெல்லாம் பிள்ளைகளையே சொல்ல விடுங்கள்.

இரண்டாவது கதை உங்கள் வாய்க்காலில் ஓடுகிறது. மேலூர் வயல்களுக்கு வரும் பெரியாற்று நீர், மேற்கே ஓடிக் கடலில் கலக்க வேண்டிய நீர். அதை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் வேலை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. பொறுப்பேற்றிருந்தவர் பொறியாளர் ஜான் பென்னிகுக். காட்டுக்குள் பெருமழையும் மலேரியாவும் தொழிலாளர்களை வாட்டின. ஆற்றை மறிக்கத் தற்காலிகமாகப் போட்ட கரைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் போனது. சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் பொடியும் கலந்த சாந்தால் 155 அடி உயரத்துக்கு அந்த அணை எழுந்தது. இதைச் சொல்லும்போது ஒரே ஒரு மனிதரின் வைராக்கியமாக மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கல் சுமந்த கதை அது; அங்கேயே நோயில் இறந்துபோனவர்களும் உண்டு. விடாமுயற்சி என்பது பல பேர் சேர்ந்து செய்வதாகவும் இருக்கும் என்று பிள்ளைகள் அறிவது நல்லது.

இப்படி உண்மை மனிதர்களின் இடர்ப்பாடுகளைச் சொல்வதால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. நியூயார்க் நகரின் ஏழைப் பகுதிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் ஐன்ஸ்டைன், மேரி கியூரி, மைக்கேல் ஃபாரடே ஆகியோரைப் பற்றிய கதைகளைப் படிக்கக் கொடுத்து நடத்திய ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. அவர்களின் சாதனைகளை மட்டும் படித்தவர்களைவிட, அவர்கள் பட்ட பாட்டைப் படித்தவர்கள் அதன்பின் அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்றார்கள். முன்பு பின்தங்கியிருந்தவர்களே இதனால் அதிகம் பயனடைந்தார்கள்.

கேள்வி: என் பெண்ணுக்கு நான்கு வயதுதான் ஆகிறது. விடாமுயற்சி பற்றிய கதை அவளுக்குப் புரியுமா?
– ஒரு தந்தை, வாடிப்பட்டி

பதில்: புரியும், ஆனால் உட்கார்ந்து கேட்பதைவிட அந்தப் பாத்திரமாகவே ஆகிவிட்டால் இன்னும் நன்றாகப் புரியும். நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளிடம் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தனக்குப் பிடித்த, உழைக்கும் கதாபாத்திரமாகத் தன்னைப் பாவித்துக்கொண்ட குழந்தைகளே அதிக நேரம் அந்த வேலையில் நிலைத்திருந்தார்கள். சட்டைப் பொத்தானைப் போட உங்கள் பெண் சிணுங்கும்போது, 'கரிக்குருவி எப்படிப் பொத்தான் போடும், காட்டு பார்க்கலாம்' என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 'முயன்றால் முடியாதது இல்லை' என்று சொல்லித்தான் என் மூத்த மகளை வளர்த்தேன். இரண்டு ஆண்டுகள் இரவு பகலாக ஒரு நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள், இடம் கிடைக்கவில்லை. 'நீங்கள் சொன்ன கதையெல்லாம் பொய்தானே அப்பா' என்கிறாள். இளையவனுக்கு இனி அந்தக் கதைகளைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
– ஒரு தந்தை, உசிலம்பட்டி

பதில்: உங்கள் மகளின் கேள்வி நியாயமானது. அவளிடம் வாதாடாதீர்கள். முயன்றவர் எல்லோரும் நினைத்ததை அடைவார்கள் என்று சொல்லும் கதை பொய்க்கதைதான். நூறு இடங்களுக்கு ஆயிரம் பேர் உண்மையாக உழைத்தால் தொள்ளாயிரம் பேருக்கு இடம் இராது, அது அவர்களின் உழைப்பில் குறை இருந்ததால் அல்ல. குழந்தைகளுக்குக் கதை சொல்பவர்கள் இதை மறைக்கும்போது, தோற்ற பிள்ளை தன் உழைப்பையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறது.

வள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். 'தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்ற குறள், கருதியது கைகூடாத நிலை ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறது. கைகூடாவிட்டாலும் உடல் வருந்திய அளவுக்கு ஏதோ ஒரு பலன் கையில் நிற்கும் என்கிறது. உங்கள் மகள் இரண்டு ஆண்டுகளில் படித்த உயிரியலும் வேதியியலும், நீண்ட நேரம் ஒன்றில் மனம் செலுத்தும் பழக்கமும் அந்தத் தேர்வுத் தாளோடு போய்விடவில்லை. அதே வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்து, மரத்தின் நுனிக்கொம்பு வரை ஏறியவர் அதற்கு மேலும் ஏற முனைந்தால் உயிருக்கே முடிவாகும் என்று எச்சரிக்கிறார். எந்த இடத்தில் வழியை மாற்ற வேண்டும் என்று அறிவதும் முயற்சியைச் சேர்ந்ததே.

இளையவனுக்குச் சொல்ல ஒரு கதையும், மூத்தவளோடு பேச ஒரு வாழ்க்கையும் மதுரையிலேயே இருக்கின்றன. அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி இளமையில் மகப்பேறு மருத்துவராகவே விரும்பினார். கடுமையான முடக்குவாதம் வந்து பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணிப்போய், பேனா பிடிப்பதே போராட்டமாக இருந்தது. மகப்பேறு மருத்துவம் இனி ஆகாது என்று தெரிந்ததும் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களுக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டு, கண் அறுவையை மெல்ல மெல்லப் பழகினார். பிற்காலத்தில் அவர் தம் கையால் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் 11 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். முதலில் ஆசைப்பட்டதை அவர் அடையவில்லை. அந்த உண்மையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. உங்கள் மகளுக்கு இன்று தேவைப்படுவது அந்தப் பகுதிதான். ஆனால் உடனே சொல்ல வேண்டாம். அவள் துக்கம் தீரும்வரை கூட இருங்கள். அவளாகக் கேட்கும் நாளில் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். சிறுவர்களுக்காகத் தன்னம்பிக்கைக் கதை ஒன்று எழுத ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு மாணவி, செல்லூர், மதுரை

பதில்: உன் கைக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றிலிருந்து தொடங்கு, அம்மா. அந்த வேலை எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்; கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மாதிரிக்கு ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்.

திருப்பரங்குன்றத்தில் பூ விற்கும் அப்பத்தாவுக்கு ஒருநாள் கை சுளுக்கிக்கொண்டது. கூடையில் மல்லிகை மொட்டுகள் அப்படியே இருந்தன. 'நான் கட்டித் தருகிறேன்' என்று பேரன் பாண்டி உட்கார்ந்தான். இரண்டு மொட்டுகளை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமும் வைத்து, வாழைநாரைச் சுற்றி இழுத்தான். காம்பு நறுக்கென்று அறுந்து மொட்டுகள் மடியில் விழுந்தன. இறுக்கியது தப்பு என்று நினைத்து, அடுத்த கண்ணியைத் தளர்த்திக் கட்டினான். சரத்தைத் தூக்கியதும் பூக்கள் ஒவ்வொன்றாக நழுவின. பாண்டிக்கு அழுகை வந்தது. நாரைப் போட்டுவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டான். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அப்பத்தா அறுந்த மொட்டுகளை முறத்தில் பரப்பி வைத்திருந்தார். 'இவையெல்லாம் எந்த இடத்தில் அறுந்திருக்கின்றன, பார்த்தாயா?' என்று கேட்டார். பாண்டி குனிந்து பார்த்தான். எல்லாமே மொட்டின் கழுத்திலேயே அறுந்திருந்தன. நாரைச் சற்றுக் கீழே தள்ளி, காம்பின் நடுவில் சுற்றிப் பார்த்தான். நின்றது. நான்காவது கண்ணியில் நார் பட்டென்று முறிந்தது. தொட்டுப் பார்த்தான், காய்ந்திருந்தது. தண்ணீரில் நனைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினான். விளக்கு வைக்கும் நேரத்தில் அரை முழம் சரம் அவன் கையில் இருந்தது. ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் இடைவெளி விட்டும் கோணலாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை ஒரு முழம் கேட்டு வந்தார். 'அரை முழம்தான் இருக்கிறது, அத்தை' என்றான் பாண்டி. பிறகு அப்பத்தாவிடம் திரும்பி, நாளைக்கும் நாரை நனைத்து வைக்கச் சொன்னான்.

இந்தக் கதையில் அப்பத்தா ஓரிடத்திலும் 'உன்னால் முடியும்' என்று சொல்லவில்லை என்பதையும், பாண்டி ஒவ்வொரு முறையும் ஒன்றை மாற்றித்தான் செய்கிறான் என்பதையும் கவனி. அவன் தெருவுக்கு ஓடிப்போனதை நீக்கிவிடலாமா என்று உனக்குத் தோன்றலாம், நீக்காதே. கோபித்துக்கொண்டு எழுந்து போவதும் பிறகு திரும்பி வருவதும் உண்டு என்று கதை காட்டினால்தான், எழுந்து போன பிள்ளைக்குத் திரும்பி வர வழி இருக்கும். முடிவில் ஒரு முழம் கட்டிவிட்டான் என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. முதல் நாளில் அது நடக்காது, பூக்கட்டும் வீட்டுப் பிள்ளைகள் படித்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எழுதி முடித்தபின், மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போய், அங்கே பிள்ளைகள் எந்த வகைப் புத்தகங்களைத் தாமாக எடுக்கிறார்கள் என்று பார். உன் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேரைக் கூட்டி வைத்து, உன் கதையை உரக்கப் படி. அவர்கள் எந்த வாக்கியத்தில் நெளியத் தொடங்குகிறார்களோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்த இடத்தை மட்டும் திருத்தி எழுது.